கதவுக்குள் ஒரு மோட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார் கதவு லாக் பற்றிய கடிதங்கள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும் அதற்கே. பதில் சொல்பவர், ஒரகடம் வட்டாரத்தில் கதவு லாட்ச் (மூடிய கதவைப் பிடித்து வைக்கும் கொக்கி அமைப்பு) வடிவமைப்பிலும் சோதனைக்கூடத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்.

என்னுடையது பழைய சின்ன கார், அதிலும் கீழ்மட்ட வேரியன்ட். சென்ட்ரல் லாக் கிடையாது. வெளியே போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனால், "டிரைவர் கதவுக்கு ஐந்து வயர் மோட்டார், மற்ற மூன்றுக்கும் இரண்டு வயர்" என்கிறார். கதவு எல்லாம் ஒன்றுதானே?
(திண்டுக்கல் வாசகர்)

கடைக்காரர் சரியாகத்தான் சொல்கிறார். அவர் மோட்டார் என்பதை நாங்கள் ஆக்சுவேட்டர் என்போம்: உள்ளே ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார், சில பல்சக்கரங்கள், முன்னும் பின்னும் சுமார் 2 செ.மீ. ஓடும் ஒரு தண்டு. இரண்டு வயரில் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் லாக், அதையே திருப்பிக் கொடுத்தால் அன்லாக். பயணிகள் கதவுகளுக்கு இது போதும், சொன்னதைச் செய்தால் சரி. டிரைவர் கதவுதான் சொல்லவும் வேண்டும். நீங்கள் சாவி போட்டுத் திருப்பும்போதோ, உள்ளே நாப்பை அழுத்தும்போதோ "இப்போது லாக் ஆகிவிட்டது" என்று கண்ட்ரோல் பெட்டிக்குத் தெரியவேண்டும். அதற்காக அந்த ஆக்சுவேட்டருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மீதி மூன்று வயர் அதற்கு.

பெட்டி மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்காது. அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை ஒரு தட்டு, அவ்வளவுதான். தண்டு கடைசி வரை போய் முட்டிய பிறகும் மின்சாரம் ஓடினால் மோட்டார் நின்ற இடத்திலேயே சூடாகிக் கருகும். மலிவான பெட்டியில் ரிலே (மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் நடப்பது இதுதான். கழற்றிப் பார்த்தால் வார்னிஷ் கருகிய வாசனை வரும், வெள்ளை பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒரு பக்கம் உருகி வழுவழுவென்று ஆகியிருக்கும்.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் கண்ணாடியை முழுக்க இறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இறங்கும் பாதையில் ஆக்சுவேட்டர் உட்கார்ந்துவிட்டால் ஒரு நாள் கண்ணாடி போய்விடும். ஆக்சுவேட்டர் தண்டும் கதவின் லாக் கம்பியும் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். கோணலாக இழுத்தால் மோட்டாரின் பாதிச் சக்தி உராய்விலேயே போகும். மின்சாரத்தை சிகரெட் லைட்டரிலிருந்து திருடாமல், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து வீசிவிட்டு "அது சும்மாதான் சார்" என்பார்கள். சும்மா இல்லை. கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் உங்கள் கால்மிதியில் வந்து சேராமல் தடுப்பதே அந்தத் தாள்தான். திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று: மேல்மட்ட வேரியன்டுக்கும் கீழ்மட்டத்துக்கும் கதவுத் தகடு பெரும்பாலும் ஒன்றே. ஆக்சுவேட்டருக்கான துளைகள் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுக்கட்டும்.

பின் இடது கதவு மட்டும் வேடிக்கை காட்டுகிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் லாக் ஆகிறது. மூடினால் ஆவதில்லை. மெக்கானிக் ஆக்சுவேட்டரை மாற்றச் சொல்கிறார்.
(கோவில்பட்டி வாசகி)

மாற்றாதீர்கள், பொறுங்கள். கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையில் கீல் பக்கத்தில் ஒரு கருப்பு ரப்பர் குழாய் இருக்கும், மடிப்பு மடிப்பாக. வயர்கள் அதற்குள்தான் போகின்றன. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. சில வருடத்தில் மேலே தோல் அப்படியே இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். ஒரு கோணத்தில் தொடும், இன்னொரு கோணத்தில் விடும். ரப்பரைக் கழற்றி ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறுந்தது ரப்பர்பேண்ட் மாதிரி நீளும்.

ஒட்டும்போது முறுக்கி டேப் சுற்றுவதைவிட, புதிதாக மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர்த் துண்டு சேர்த்து, இணைப்பை ரப்பருக்கு வெளியே கொண்டுபோய் சால்டர் வைப்பது நல்லது. ரப்பருக்குள்ளேயே சால்டர் வைத்தால் அந்த இடம் விறைத்து, அதன் பக்கத்தில் மறுபடி அறும்.

ஆக்சுவேட்டரே கெட்டிருந்தால் அறிகுறி வேறு. கதவைத் தட்டினால் வேலை செய்யும், தட்டாவிட்டால் செய்யாது. அது மோட்டார் பிரஷ்ஷில் பச்சை பூத்திருப்பது. அப்படியானால் கதவின் அடி விளிம்பில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் புது ஆக்சுவேட்டரும் அதே தண்ணீரில்தான் உட்காரும்.

நாங்கள் நான்கு பேர், இறுதியாண்டு மெக்கானிக்கல். பட்டனைத் தொட்டால் கார் கதவு தானாக விடுபடும் எலக்ட்ரானிக் லாட்ச் செய்கிறோம். சர்வோ, சோலனாய்டு, கியர் மோட்டார் மூன்றில் எது நல்லது? எத்தனை வாட்?
(தாம்பரம் மாணவர்கள்)

மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்றபடி கதவைத் தேடுவதுதான் கல்லூரி ப்ராஜெக்ட்களில் வழக்கம். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய கதவை லாட்ச், ஸ்ட்ரைக்கர் (லாட்ச் பிடித்துக்கொள்ளும் கம்பி), பீடிங் ரப்பர் (கதவு விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர்) எல்லாவற்றோடும் வாங்குங்கள். லாட்ச்சை மட்டும் வாங்கினால் மேசையில் பிரமாதமாக வேலை செய்யும், கதவில் செய்யாது. காரணம் சொல்கிறேன்.

லாட்ச்சைப் பிரித்தால் உள்ளே முக்கியமாக இரண்டு எஃகுத் துண்டுகள். ஒன்று குதிரைலாட வடிவில் வாய் பிளந்த கொக்கி. கதவை மூடும்போது உடலில் உள்ள ஸ்ட்ரைக்கர் கம்பி இதன் வாய்க்குள் புகுந்து அதைச் சுழற்றும். இரண்டாவது, ஒரு தடுப்பு நாக்கு. கொக்கி சுழன்றதும் அதன் பல்லில் விழுந்து, திரும்பிப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொக்கியில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி, கதவு சரியாகச் சாத்தப்படாமல் "பாதி" நிற்குமே, அது. இரண்டாவது முழு மூடல். நீங்கள் கைப்பிடியை இழுக்கும்போது செய்வதெல்லாம் அந்த நாக்கை விலக்குவது மட்டும்தான். கதவை வெளியே தள்ளுவது, அமுங்கியிருக்கும் பீடிங் ரப்பர்.

இங்கேதான் விஷயம். ரப்பர் தள்ளும் விசை முழுவதும் கொக்கியின் பல் வழியாக நாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நாக்கை விலக்க வேண்டுமானால் அந்த உராய்வை ஜெயிக்க வேண்டும். ரப்பர் இல்லாத மேசையில் அந்த விசையே இல்லை. ஆகவே கதவோடு வைத்து, லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் ஸ்பிரிங் தராசைக் கம்பியில் மாட்டி இழுத்து அளந்து பாருங்கள். அப்புறம் உங்களில் ஒருவர் உள்ளிருந்து முழங்காலால் கதவைத் தள்ளிக்கொண்டிருக்க, மறுபடி அளங்கள். இரண்டாவது எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு அது 60 நியூட்டன், நாக்கு விலக 12 மி.மீ. ஓட்டம், பத்தில் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60 பெருக்கல் 0.012 வகுத்தல் 0.1, அதாவது 7.2 வாட். சின்ன பிளாஸ்டிக் கியர் பெட்டியில் பெரும்பங்கு உராய்வில் போகும். 35 சதவீதம்தான் தண்டுக்கு வருகிறது என்றால் மோட்டாருக்குச் சுமார் 20 வாட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டில் 1.7 ஆம்பியர். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மோட்டார் வாங்கப் போய்விடுவார்கள்.

கார் பேட்டரி எப்போதும் 12 வோல்ட் இல்லை. சோர்ந்துபோன பேட்டரியில் ஸ்டார்ட் செய்யும்போது 9 வரை இறங்கும். அதிலேயே மோட்டாரின் முறுக்குவிசை முக்கால்பங்காகிவிடும். சித்திரை வெயிலில் நின்ற காரின் கதவுக்குள் மோட்டார் சுருள் 80 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். உங்கள் ஆய்வகத்தின் 20 டிகிரியோடு ஒப்பிட்டால் 60 டிகிரிக்கு 23 சதவீதம். சாதாரண ஃபெரைட் காந்தம் ஒரு டிகிரிக்கு 0.2 சதவீதம் பலம் இழக்கும், அதில் 12 சதவீதம் போச்சு. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 0.75 வகுத்தல் 1.23 பெருக்கல் 0.88. கிட்டத்தட்ட 0.54. ஏ.சி. அறையில் காட்டிய முறுக்குவிசையில் பாதிதான் மிச்சம். ஆகவே மோட்டாரைத் தேவைக்கு இரண்டு மடங்கு என்று ஆரம்பியுங்கள்.

சோலனாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை உள்ளிழுக்கும் கம்பிச்சுருள், பார்க்க எளிது. ஆனால் அது ஓட்டத்தின் தொடக்கத்தில் பலவீனம், முடிவில் பலசாலி. லாட்ச்சுக்கோ தொடக்கத்தில்தான் பலம் வேண்டும், நாக்கு பல்லை விட்டு நழுவிய பிறகு ஒன்றுமே வேண்டாம். பொம்மை விமானத்துக்கு வரும் சர்வோ கதவுக்குள் இருக்கும் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. கியர் மோட்டார்தான் சரி.

அதிலும் ஒரு பொறி உண்டு. வார்ம் கியர் (திருகு மாதிரி சுற்றிப் பல்சக்கரத்தை ஓட்டுவது) வைத்தால் சின்ன இடத்தில் நிறைய விசை கிடைக்கும், ஆனால் தண்டைக் கையால் தள்ளி மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்ற முடியாது. மோட்டார் பாதி வழியில் செத்துப்போனால் உள்கைப்பிடியும் சேர்ந்து செத்துவிடும். அதனால் மோட்டாரும் கைக்கம்பியும் ஒரே துளையில் மாட்டப்படக் கூடாது. நாக்கின் நெம்பில் நீள்வெட்டுத் துளை போட்டு, மோட்டார் தள்ளினால் அது மட்டும், கை இழுத்தால் கை மட்டும், ஒன்று மற்றதைத் தடுக்காமல் ஓடும்படி செய்யுங்கள். வேலை முடிந்ததும் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து மோட்டாரை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மின்சுற்றுப் பக்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வயர் உரசி ஷார்ட் ஆனால், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கதவு திறக்குமா? திறக்கும் என்றால் வடிவமைப்பு முடியவில்லை. மோட்டாருக்கு பேட்டரியின் நேர்முனைப் பக்கம் ஒரு சுவிட்ச், எதிர்முனைப் பக்கம் ஒன்று வையுங்கள். இரண்டுக்கும் ஆணை வெவ்வேறு வழியில் வர வேண்டும், வேகம் பூஜ்யம் என்ற செய்தியும் கூட இருக்க வேண்டும். பிரதான பேட்டரி போனால் ஓரிரு முறை திறக்க, கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சூப்பர் கெப்பாசிட்டர். இவ்வளவும் செய்தாலும் கையால் இழுத்துத் திறக்கும் கம்பி இல்லாத கதவுக்கு நான் மார்க் போட மாட்டேன்.

கதவுக்குக் கையால் திறக்கும் கம்பி எதற்கு? எலக்ட்ரிக் கார்களில் எல்லாம் பட்டன்தானே? எங்கள் அப்பார்ட்மென்டில் ஒருவர் வைத்திருக்கும் வண்டியில் கைப்பிடியே வெளியே தெரிவதில்லை. பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வார்கள்?
(சென்னை, பெருங்குடி வாசகர்)

ஓட்டுவதற்கான பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும், கதவு, விளக்கு, திரை எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு குறைந்த மின்னழுத்த பேட்டரி இருக்கிறது. மக்கள் மறந்துபோவது அதைத்தான். அது படுத்துவிட்டால் கைப்பிடியும் படுத்துவிடும்.

2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ, டெஸ்லாவின் 2021 மாடல் ஒய் கார்களைப் பற்றி விசாரணை தொடங்கியது. சுமார் 1,74,000 வண்டிகள். புகார் இதுதான்: பெற்றோர் இறங்கி வெளியே வந்து பின் கதவைத் திறக்கப் போனால் கைப்பிடி வேலை செய்யவில்லை, குழந்தை உள்ளே. சிலர் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். உள்ளே கையால் திறக்கும் வழி இருக்கிறது. ஆனால் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் சின்னக் குழந்தைக்கு அது எதற்கு?

இது எலக்ட்ரிக் கார் வந்து ஆரம்பித்த பிரச்சினையும் இல்லை. 2005-இல் வந்த, பெட்ரோலில் ஓடும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டிலேயே பட்டன் கதவு. 2015-இல் டெக்ஸாஸில் ஒரு முதியவர் தன் 2007 கார்வெட்டுக்குள் நாயோடு மாட்டிக்கொண்டு வெயிலில் இறந்துபோனார். பேட்டரி கேபிள் கழன்றிருந்தது. இருக்கைக்குப் பக்கத்தில் தரையில், கையால் இழுத்துத் திறக்கும் நெம்பு இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. என்னைக் கேட்டால் குற்றம் அவர்மேல் இல்லை. வழக்கமாகப் பிடிக்கும் பிடி ஓரிடம், ஆபத்துக்கான பிடி வேறிடம் என்று பிரித்து வைத்தால், மூச்சு முட்டும் நேரத்தில் கை வழக்கமான இடத்துக்குத்தான் போகும். உள்கைப்பிடியை லேசாக இழுத்தால் சுவிட்ச், இன்னும் அழுத்தி இழுத்தால் கம்பி என்று ஒரே பிடியிலேயே இரண்டையும் வைக்கலாம். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் செலவு ஒரு கேபிள்.

சீனா இப்போது சட்டமே போட்டுவிட்டது. 2027 ஜனவரி 1 முதல் அங்கே புதிதாக வரும் கார் கதவுகளில், டிக்கி தவிர, உள்ளேயும் வெளியேயும் கைவிசையால் திறக்கும் வழி இருந்தாக வேண்டும். காற்று எதிர்ப்பு குறையும், ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கூடும் என்று மறைத்து வைத்த கைப்பிடிகளின் கதை அந்தச் சந்தையில் முடிகிறது.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்று சாயங்காலமே ஒன்று செய்யச் சொல்லுங்கள். நான்கு கதவுக்கும் கையால் திறக்கும் வழி எங்கே என்று வண்டியின் புத்தகத்தில் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு திறந்து பழகட்டும். பின் சீட்டில் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பழக்கட்டும்.

லாக் போட்டுக்கொண்டு ஓட்டினால் விபத்தில் உதவிக்கு வருபவர் திறக்க முடியாது, போடாமல் ஓட்டினால் கதவு திறந்து வெளியே விழுந்துவிடுவோம் என்கிறார்கள். எது சரி?
(திருப்பூர் வாசகர்)

கதவைப் பிடித்து வைத்திருப்பது லாட்ச். லாக் போட்டாலும் போடாவிட்டாலும் அது ஒரே பலத்தோடுதான் பிடிக்கும். கார் கதவு லாட்ச்சுக்கான ஐ.நா. விதி எண் 11-இன்படி, முழுதாக மூடிய நிலையில் லாட்ச் 11,000 நியூட்டன் நீளவாட்டிலும் 9,000 நியூட்டன் பக்கவாட்டிலும் தாங்க வேண்டும். டன் கணக்கு. பாதி மூடிய நிலையில் 4,500 தாங்கினால் போதும். அதனால்தான் "பாதி" நிற்கும் கதவோடு போகாதீர்கள் என்று கத்துகிறோம்.

லாக் செய்வது வேறு வேலை, கைப்பிடிக்கும் நாக்குக்கும் உள்ள தொடர்பைத் துண்டிப்பது. மோதலில் இது உதவும். மோதலில் கைப்பிடியின் எடையே அதை இழுக்கப் பார்க்கும். 150 கிராம் கைப்பிடி, விதி சொல்லும் 30 மடங்கு புவியீர்ப்பில் நாலரைக் கிலோ. இதற்காகவே கைப்பிடிக்குப் பின்னால் எதிர் எடை ஒன்று வைப்போம். லாக் போட்டிருந்தால் கூடுதல் காப்பு. ஆகவே போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். ஏர்பேக் உள்ள பெரும்பாலான வண்டிகளில், ஏர்பேக் விரியும்போதே லாக்கைத் திறக்கச் சொல்லி ஆணை போய்விடும்.

தண்ணீரில் விழுந்தால் என்ன என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பிரச்சினை லாக் இல்லை. கதவின் பரப்பு 0.8 சதுர மீட்டர், அதன் நடுப்பகுதி அரை மீட்டர் ஆழத்தில் என்றால் வெளியிலிருந்து அழுத்துவது சுமார் 400 கிலோ. யாராலும் தள்ள முடியாது. பெல்ட்டைக் கழற்றி உடனே கண்ணாடியை இறக்குங்கள். மின்சாரம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அந்த நேரம் அதற்குத்தான்.

மாமனாரின் நண்பர் வைத்திருக்கும் விலையுயர்ந்த காரில் கதவை லேசாகச் சாய்த்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. விரல் மாட்டினால்?
(மதுரை வாசகி)

மேலே சொன்ன "பாதி" நிலை நினைவிருக்கிறதா? கதவு அந்த முதல் படிக்கு வந்ததும் சுவிட்ச் ஒன்று விழித்துக்கொள்ளும். மோட்டார் கொக்கியைப் பிடித்து இரண்டாவது படிவரை சுழற்றும். கடைசிச் சில மில்லிமீட்டர் மட்டும்தான் இழுப்பு. விரல் உள்ளே நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கதவு முதல் படிக்கே வந்திருக்காது, மோட்டார் தொடங்காது. ஆனால் நுனிவிரல், குழந்தையின் விரல், புடவை முந்தானை எல்லாம் வேறு கணக்கு. ரப்பரை முழுதாக அமுக்கும் விசை அது, விரலுக்கும் ரப்பருக்கும் வித்தியாசம் பார்க்காது. மோட்டார் எடுக்கும் மின்சாரம் திடீரென்று ஏறினால் நிறுத்தி விடும்படி செய்யலாம், ஆனாலும் அதை நம்பி விரலை வைக்காதீர்கள். இழுக்கும்போது மாட்டிக்கொண்டால் கைப்பிடியை இழுங்கள். நல்ல வடிவமைப்பில் கைப்பிடிக்கே முதல் உரிமை, மோட்டார் பாதியில் விட்டுவிடும்.

கார் லாக்கில் மின்சாரம் முதலில் எப்போது வந்தது?
(காரைக்குடி மாணவி)

அமெரிக்காவில் 1914-இல் ஸ்கிரிப்ஸ்-பூத் கார்களில் இருந்திருக்கிறது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1956-இல் பேக்கார்டு மறுபடி கொண்டுவந்தது. ரிமோட்டை 1982-இல் ரெனோ ஃபியூகோவில் கொடுத்தார்கள். பிரான்ஸில் அதைச் செய்தவர் போல் லிப்ஷுட்ஸ். அவர் பெயரை ஒட்டி அங்கே அந்த ரிமோட்டுக்கே பிளிப் என்று பெயர் வந்துவிட்டது.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால், டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு சாவித் துவாரத்தில் வைத்து அழுத்தினால் திறக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
(சேலம் வாசகர்)

திறக்காது. சில பழைய ஜெர்மன் கார்களில் காற்றுக் குழாயால் லாக் ஓடியது உண்மைதான், ஆனால் அந்தக் குழாய் சாவித் துவாரத்தில் வந்து முடியவில்லை. சாவித் துவாரத்துக்குள் ஊதினால் காற்று கதவுக்குள் போய், தண்ணீர் வடியும் ஓட்டை வழியாக வெளியே போகும். பந்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிமோட்டை யாராவது பக்கத்தில் நின்று பதிவு செய்து நம் வண்டியைத் திறக்க முடியுமா?
(நாகர்கோவில் வாசகர்)

கார் கம்பெனி கொடுத்த ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுக் குறியீடு அனுப்பும். பழையதைப் பதிவு செய்து ஒலிபரப்பினால் வண்டி ஏற்காது. இதில் மிகவும் பரவியது கீலாக் என்ற முறை. 1980-களில் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 1995-இல் மைக்ரோசிப் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2008 வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் அதையும் உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்த அளவு படித்தவன் உங்கள் வண்டியைத் தேடி வருவது அபூர்வம். கவலைப்பட வேண்டியது, வெளியே மலிவாக வாங்கிப் போட்ட பெட்டிகளைப் பற்றி. சிலவற்றில் குறியீடு மாறவே மாறாது. கேட் ரிமோட் நகல் எடுக்கும் கடையிலேயே நகல் எடுத்துவிடலாம். வாங்கும்போது "ரோலிங் கோடா?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடை.

டாக்ஸியில் ஏறினால் பின் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. டிரைவர் "சைல்ட் லாக் மேடம்" என்றார். இது சரியா?
(வேலூர் வாசகி)

சரியில்லை. 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான, வாடகைக்கு ஓடும் கார்களில் சைல்ட் லாக் இருக்கவே கூடாது என்பது மத்திய அரசு விதி. பழைய வண்டியானால், ஏறுவதற்கு முன் பின் கதவின் ஓரத்தில் லாட்ச்சுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நெம்பைப் பாருங்கள். விரலாலோ சாவி நுனியாலோ தள்ளிவிடலாம். பட்டனும் இல்லை, மின்சாரமும் இல்லை. தள்ளிவிட்டு உட்காருங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மார்கழி, தை மாதங்களில் காலையில் கார் லாக் திறக்கவே மாட்டேன் என்கிறது. ரிமோட்டை அழுத்தினால் மோட்டார் முனகுகிறது, நாப் பாதியில் நிற்கிறது. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. போன தடவை லாட்ச்சுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டோம்.
(ஊட்டி வாசகர்)

கடைசி வரியில் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். ஊட்டியில் அது குளியலறையிலேயே கட்டியாகத்தானே இருக்கிறது? லாட்ச்சுக்குள்ளும் அப்படித்தான். ஆக்சுவேட்டர் மோட்டாருக்கு முழுதாக ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை, அதற்குள் உறைந்த எண்ணெயை உழுது போக முடியாமல் பாதியில் நிற்கிறது. வெயில் ஏறினால் இளகுகிறது, லாக்கும் இளகுகிறது. குளிரில் பேட்டரியும் சோர்ந்திருப்பதால் முனகல் இன்னும் கூடுதலாகக் கேட்கும்.

திரும்பத் திரும்ப ரிமோட்டை அழுத்தாதீர்கள். சூடாவதைத் தடுக்கும் பாகம் சில மோட்டார்களுக்குள் இருக்கும், அது குறுக்கிட்டால் கொஞ்ச நேரம் சுத்தமாக அசையாது, கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

மதியம், எண்ணெய் இளகியிருக்கும்போது கதவைத் திறந்து வைத்து, துரு நீக்கும் ஸ்பிரேயை லாட்ச்சின் வாய்க்குள் நீளக் குழாயால் அடித்து, பழைய துணியால் துடையுங்கள். கருப்பாக வருவது நிற்கும் வரை. ஒரு ஸ்க்ரூடிரைவரால் கொக்கியை மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, கைப்பிடியை இழுத்து விடுவியுங்கள். பல தடவை செய்யுங்கள், உள்ளே இருப்பது கழன்று வரும். கைப்பிடியை இழுத்து விடுவிக்காமல் கதவைச் சாத்திவிடாதீர்கள், மூடிய கொக்கி ஸ்ட்ரைக்கரில் மோதும். அப்புறம் வெள்ளை லித்தியம் கிரீஸ், கொக்கியிலும் நாக்கிலும் பட்டாணி அளவுக்கு. சாவித் துவாரத்துக்கு கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை. ஆக்சுவேட்டர் பெட்டிக்குள் எதையும் அடிக்காதீர்கள்.